அழற்சியும் அதற்குரிய சிகிச்சையும்

2023-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் தேதி நள்ளிரவை ஒட்டி, எண்ணூரை அடுத்த பெரியகுப்பம் முதலிய மீனவர் கிராமங்களில் உறங்கிக்கொண்டிருந்த மக்கள், கண்ணெரிச்சலும் மூச்சுத்திணறலும் தாங்காமல் விழித்தெழுந்தனர். கப்பலிலிருந்து கோரமண்டல் உர ஆலைக்குத் திரவ அம்மோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு ஏற்பட்டிருந்தது. பலர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர். அம்மோனியா நமக்கு அந்நியமான பொருளன்று. நாம் சங்கத்தில் வாங்கி வயலுக்கு இடும் யூரியா அதிலிருந்தே செய்யப்படுகிறது. ஆகவே அன்றிரவு அம்மக்களின் தேகத்தில் நிகழ்ந்தது யாதென நம் அங்கத்தினர் அறிந்திருத்தல் நலம்.

அதற்கு அழற்சி என்று பெயர். (அலர்ஜி என்னும் ஒவ்வாமையோடு இதைக் குழப்பலாகாது, ஒவ்வாமை, அழற்சிக்குரிய பல காரணங்களுள் ஒன்று.) சிவப்பு, வெப்பம், வீக்கம், வலி ஆகிய நான்கும் அதன் குறிகள் என்று ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முன்பே ரோமாபுரியில் செல்சஸ் என்பவர் எழுதிவைத்தார். காயமோ, கிருமியோ, நச்சுப்பொருளோ ஓரிடத்தைத் தாக்கியதும், அங்குள்ள உயிரணுக்கள் ஹிஸ்டமின் முதலியவற்றை வெளிவிடுகின்றன. நுண்ணிய இரத்தக் குழாய்கள் விரிகின்றன; அவ்விடம் சிவந்து சுடுகிறது. குழாய்களிலிருந்து நீர் கசிந்து வீங்குகிறது. வெள்ளணுக்கள் அங்கே வந்து திரண்டு போரிடுகின்றன. எனவே அழற்சி உடலின் காவலேயாகும். ஆனால் விரலில் வந்தால் வலியோடு போகும் வீக்கம், மூச்சுக்குழலில் வந்தால் காற்றின் வழியையே அடைத்துவிடும்.

அம்மோனியா நீரில் எளிதில் கரையும் வாயு. கண், மூக்கு, தொண்டை ஆகியவற்றின் ஈரத்தில் கரைந்து காரமாகிறது. காரமோ தசையை இளக்கிக்கொண்டு மேன்மேலும் உள்ளே இறங்கும். நூலுக்குச் சாயமிடுவோர் கையாளும் காஸ்டிக் சோடாவும் இத்தகையதே.

இதற்கு முதல் மருந்து தண்ணீர்தான். வாயு பரவிய இடத்தைவிட்டு உடனே அகலவேண்டும். அகலும்போது ஈரத்துணியால் வாயையும் மூக்கையும் மூடிக்கொள்வது ஓரளவு உதவும். வாயு பட்ட ஆடைகளைக் களைந்து, கண்ணிமைகளை விரித்துப் பிடித்து, குறைந்தது 15 நிமிடமாவது நல்ல தண்ணீரால் கழுவவேண்டும். காரத்தை முறிப்பதாக எண்ணி எலுமிச்சைச் சாற்றைக் கண்ணில் விடுவது பெருங்கேடு. இருமலோ, குரல் கம்மலோ இருந்தால் மருத்துவமனைக்குச் செல்லத் தாமதிக்கலாகாது. நுரையீரலில் நீர் கோப்பது சில மணி நேரம் கழித்தும் தோன்றக்கூடும். "சற்றுத் தணிந்துவிட்டதே" என்று படுத்துவிடுவது ஆபத்து. அம்மோனியாவுக்கு மாற்று மருந்து கிடையாது. பிராணவாயுவும், மூச்சுக்குழலை விரிக்கும் மருந்துகளுமே அங்கு அளிக்கப்படுவன.

அழற்சியை அடக்கும் மாத்திரைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. வலியையும் வீக்கத்தையும் உண்டாக்கும் புராஸ்டகிளாண்டின் என்னும் பொருள் உடலில் உற்பத்தியாவதை ஆஸ்பிரின் தடுக்கிறது. இதை 1971-இல் ஜான் வேன் என்னும் அறிஞர் விளக்கினார். இரைப்பையின் உட்சுவரைக் காப்பதும் அப்பொருளே. ஆதலால்தான் இவ்வகை மாத்திரைகளை நெடுநாள் விழுங்குவோருக்கு வயிற்றுப்புண் வருகிறது, சிறுநீரகமும் கெடுகிறது. முழங்கால் வலியென்று கடையில் தாமே மாத்திரை வாங்கித் தினமும் உண்டு தறியில் அமரும் நெசவாளர் நம்மிடையே பலர். மூட்டுவலிக்குக் காரணம் தேய்மானமா, வாதமா, தறியில் அமரும் முறையா என்பதை வைத்தியர் பரிசோதித்தே கூறமுடியும். ஒவ்வொன்றுக்கும் சிகிச்சை வேறு.