பருவமும் சடங்கும்

மக்கள் பிறந்தது முதல் இறக்குமளவும் ஒரே நிலையில் நிற்பவரல்லர். குழவி, சிறுவன், இளைஞன், இல்லறத்தான், முதியோன் எனப் பல நிலைகளை ஒருவன் கடந்து செல்கின்றான். உடலின் வளர்ச்சி நாடோறும் ஓசையின்றி நிகழ்வது. ஆயின், “இன்று முதல் இவன் சிறுவனல்லன்” என ஒரு நாளைக் குறித்துரைப்பது இயற்கையன்று, சமுதாயமே. அங்ஙனம் உரைக்கும் முறையே சடங்காம்.

இச்சடங்குகளின் அமைப்பை முறைப்பட ஆராய்ந்தவர் ஆர்னால்டு வான் ஜென்னெப் என்னும் பிரெஞ்சு அறிஞர். பல நாட்டு மக்களின் வழக்கங்களை ஒப்பிட்டு, 1909-ஆம் ஆண்டில் அவர் ஒரு நூல் வெளியிட்டார். பழைய நிலையினின்று பிரிதல், இடைநிலையில் நிற்றல், புதிய நிலையிற் சேர்தல் என மூன்று படிகள் இச்சடங்குகளிற் காணப்படும் என்பது அவர் கண்ட முடிபு. வாயிற்படியில் நிற்பவன் உள்ளும் புறமும் அல்லாதவனாதல் போல, இடைநிலையில் நிற்பவன் இரண்டிற்கும் உரியனல்லன். இக்கருத்தை மனத்திற்கொண்டு நம் பண்டை இலக்கியத்தை நோக்குவோமாக.

புறநானூற்றின் 77-ஆம் பாட்டில், தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியனை இடைக்குன்றூர் கிழார் பாடுகின்றார். கிண்கிணி களைந்த காலில் வீரக்கழல் விளங்குகின்றது. சிறுவளை அணிந்திருந்த கை வில்லேந்தி நிற்கின்றது. ஆயினும், குழந்தைப் பருவத்துக்குரிய தாலி இன்னும் களையப்படவில்லை. பாலை விட்டு உணவு உண்டதும் அன்றுதான். பிரிதல் முடியுமுன்னரே சேர்தல் அவன்மேல் வந்துற்றது. அவன் வீரத்தைப் புகழும் அச்செய்யுளுள், பருவம் வாராமுன் பாரம் சுமந்த இளைஞனைக் கண்ட புலவரின் வியப்பும் பரிவும் ஒருங்கே காணப்படுகின்றன.

இனி, மகளிர்பாற் செல்வோம். மணத்திற்குமுன் மகளின் காற்சிலம்பைக் கழற்றுவது சிலம்புகழி நோன்பு எனப்படும். கன்னிப் பருவத்தினின்று பிரிதலை இது குறிக்கும். அகநானூற்றின் 86-ஆம் பாட்டிலோ, புதல்வரைப் பெற்ற மகளிர் நால்வர் மணமகளை வாழ்த்தி, பூவும் நெல்லும் கலந்த நீரைச் சொரிகின்றனர். பின்னர்ச் சுற்றத்தார் அவளைத் தலைவன்பால் ஒப்புவிக்கின்றனர். தீ வலம் வருதலை அப்பாட்டுக் கூறவில்லை. நீராட்டுதல், வாழ்த்துதல், ஒப்புவித்தல் என்பனவே அவளை மனைக்கிழத்தி ஆக்குகின்றன.

இச்சடங்கு இழக்கப்படின் நேரும் துயரை ஐங்குறுநூற்றின் 399-ஆம் பாட்டு உணர்த்தும். தலைவனுடன் சென்ற மகளுக்கு அவன் மனையிலேயே சிலம்புகழி நோன்பு நிகழ்கின்றது எனக் கேட்ட தாய், “அது நும் மனையில் நிகழ்ந்ததேனும், மணமாவது எம் மனையில் நிகழ்க என்று அவன் தாய்க்குச் சொன்னால் என்ன?” என வினவுகின்றாள். அவள் வேண்டுவது வெறும் ஆரவாரமா? அன்று. மகள் வாயிற்படியைக் கடந்துவிட்டாள்; வழியனுப்பும் பேறு பெறாத தாயோ இன்னும் அவ்வாயிற்படியிலேயே நிற்கின்றாள். சடங்கு ஒருவருடைய நிலையை மட்டும் மாற்றுவதன்று. அவரைச் சூழ்ந்தோர் நிலையையும் மாற்றுவது என்பதை இவ்வொரு வினா நன்கு விளக்குகின்றது.

இறப்பிற்கும் இது பொருந்தும். போரில் மாய்ந்தார்க்குக் கல் நடும் முறையைக் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து எனத் தொல்காப்பியம் ஆறாக வகுத்தது. கல்லைத் தேடிக் கண்டு, நீராட்டி, நட்டு, வாழ்த்தும்வரை, இழந்தோர்க்குச் செய்யத்தக்கதொரு கடமை இருந்தது. துயரை ஒரே நாளில் விழுங்கச் சொல்லாது, படிப்படியாகக் கடக்கச் செய்த அறிவு இது.

இக்காலத்தே சடங்கு என்றவுடன் செலவும் பகட்டும் நம் நினைவிற்கு வருகின்றன. கடன்பட்டுச் செய்யும் ஆடம்பரம் களையத்தக்கதே. எனினும், பதரை நீக்குவோன் நெல்லையும் உடன் தூற்றிவிடலாகாது. மாணவராகிய நாமும் இடைநிலையில் நிற்போரே. பட்டமளிப்பு நாளில் அணியும் அங்கி, முன்பு கற்ற கல்விக்குப் பரிசு மட்டுமன்று. பின்பு ஏற்கவேண்டிய பொறுப்பிற்கு அடையாளமுமாகும். அதனை அணிந்து நிற்கும்பொழுது, நம்மை வழியனுப்பும் பெற்றோரும் ஒரு படியைக் கடக்கின்றனர் என்பதை மறவாதிருப்போமாக.