ரெண்டு விரல் அசையாது: காவடிச் சிந்துக்கு ஜி ஸ்கேலில் நாலு கார்டு

ஓம் சரவணபவ!

சிவகாசி, சாத்தூர், விருதுநகர் பக்கமிருந்து திருச்செந்தூருக்குப் பாதயாத்திரை போற குழுக்கள்ல இப்போ கிடாரோட வர்ற தம்பி தங்கச்சிகளையும் பார்க்க முடியுது. நல்ல விஷயம். ஆனா ராத்திரி தங்குற இடத்துல பஜனை ஆரம்பிச்சதும், பாடுற பெரியவங்க சிலர் முகம் சுளிப்பாங்க. கிடார் வந்தா ராகம் போயிடுதுன்னு ஒரு குறை. அந்தக் குறையில நியாயம் இருக்கு. அதுக்கு வழியும் இருக்கு. புதுசா கத்துக்கிறவங்களே செய்யக்கூடிய எளிய வழிதான் இந்தப் பாடம்.

ராகம் எங்கே போகுது?

காவடிச் சிந்தையே எடுத்துக்குவோம். 19ஆம் நூற்றாண்டில் சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார், கழுகுமலை முருகன் மேல் பாடியது. நம்ம பக்கத்து மண்ணிலேயே பிறந்த பாட்டு. இந்தச் சிந்துகளில் பல செஞ்சுருட்டி ராகத்தில் பாடப்படுகின்றன. செஞ்சுருட்டி, 28ஆவது மேளமான ஹரிகாம்போஜியின் ஜன்யம். அதில் வருவது கைசிகி நிஷாதம்.

கிடாரில் ஜி-யை 'ச' என்று வைத்தால், அந்த நிஷாதம் எஃப். ஆனா ஜி ஸ்கேல்னு சொன்னதும் ஆரம்பத்தில் சொல்லித்தர்ற டி மேஜர் கார்டில் இருப்பது எஃப் ஷார்ப். பாடுறவர் எஃப் தொடும்போது நீங்க எஃப் ஷார்ப் அடிச்சா, ரெண்டும் அரை ஸ்வர இடைவெளியில் உரசும். பாடுறவர் தன் ஸ்வரத்தை விட்டுக்கொடுக்கணும், இல்லேன்னா உங்களோட மல்லுக்கட்டணும். பெரியவங்க சொல்ற குறை இதுதான்.

நாலு கார்டு

தடித்த கம்பி 6, மெல்லிய கம்பி 1. எண்கள் 6ஆம் கம்பியிலிருந்து 1ஆம் கம்பி வரை, எந்த ஃப்ரெட்டில் அழுத்தணும்னு சொல்லும். 0 என்றால் அழுத்தாமல் மீட்டணும். கோடு போட்டிருந்தால் அந்தக் கம்பியை மீட்டக் கூடாது.

ஜி: 3 2 0 0 3 3
சி ஆட் 9: – 3 2 0 3 3
இ மைனர் 7: 0 2 2 0 3 3
டி சஸ் 4: – – 0 2 3 3

கடைசி ரெண்டு எண்களைப் பாருங்க. நாலிலும் 3 3. மோதிர விரல் 2ஆம் கம்பியில், சுண்டு விரல் 1ஆம் கம்பியில், ரெண்டும் 3ஆவது ஃப்ரெட்டில். ஒரு தடவை வெச்சா பாட்டு முடியுற வரைக்கும் எடுக்கவே வேண்டாம். மத்த ரெண்டு விரல் மட்டும்தான் நகரும்:

ஜி: நடுவிரல் 6ஆம் கம்பி, ஆள்காட்டி விரல் 5ஆம் கம்பி.
சி ஆட் 9: அதே ரெண்டு விரலும் அப்படியே ஒரு கம்பி கீழே இறங்கும்.
இ மைனர் 7: ஆள்காட்டி 5ஆம் கம்பி, நடுவிரல் 4ஆம் கம்பி.
டி சஸ் 4: ஆள்காட்டி 3ஆம் கம்பி, நடுவிரல் தூக்கிடணும்.

இது ஏன் பொருந்துது?

அசையாத அந்த ரெண்டு விரலில் கேட்கிற ஸ்வரம் டி, ஜி. அதாவது ப, ச. சுருதிப் பெட்டி விடாமல் கொடுக்கிறதும் இதைத்தான். ஏழு ஸ்வரத்தில் பேதமே இல்லாதது இந்த ரெண்டும் மட்டும்தான்.

இன்னொரு விஷயமும் இருக்கு. நாலு கார்டிலும் உள்ள எல்லா ஸ்வரத்தையும் சேர்த்து எழுதினா ச, ரி, க, ம, ப, த. நிஷாதம் எங்கேயுமே இல்லை. அதனால பாடுறவர் கைசிகி நிஷாதம் பிடிச்சாலும், சங்கராபரணத்தில் காகலி நிஷாதம் பிடிச்சாலும் கிடார் குறுக்கே வராது. நிஷாதம் பாடுறவர் கையில் விடப்படுது.

பழகும் முறை

முதல் வாரம் ஜி-யும் சி ஆட் 9-ம் மட்டும் போதும். அடுத்த வாரம் டி சஸ் 4, அதுக்கப்புறம் இ மைனர் 7. தினம் 10 நிமிஷம், மெதுவா. நம்ம ஊர்ல சரவெடி பின்னுற அக்காமார் கையைப் பார்த்திருப்பீங்க. கண் வேற எங்கேயோ இருக்கும், விரல் தன் வேலையைச் செய்யும். அந்தப் பழக்கம் உங்க விரலுக்கும் வரும். விரல் நுனி வலிச்சா நிறுத்திட்டு மறுநாள் தொடருங்க.

காவடிச் சிந்து பெரும்பாலும் திஸ்ர நடை. வாயால் 'தகிட தகிட' சொல்லிக்கிட்டே மீட்டுங்க. 'த'வுக்குத் தடித்த கம்பி மட்டும், 'கி', 'ட'வுக்கு மெல்லிய கம்பிகளை லேசா. 'த' அழுத்தமா விழுந்தா நடக்கிறவங்க காலும் சேர்ந்து வரும்.

யார் கட்டையில்?

ஜி என்பது 5 கட்டை. பெண்கள் பாடும்போது பெரும்பாலும் இது சரியா இருக்கும். ஐந்தரை கட்டை கேட்டா கேப்போவை 1ஆவது ஃப்ரெட்டில் போடுங்க. ஆண்கள் 1 கட்டையில் பாடினா 5ஆவது ஃப்ரெட், ஒன்றரைக்கு 6ஆவது. விரல் வைக்கிற முறை மாறாது. முதல்ல பாடுறவர் கட்டையைக் கேளுங்க, அப்புறம் கிடாரை எடுங்க.

எங்கே இது கூடாது?

பேரிலேயே நம்ம ஆறுமுகன் இருக்கிற சண்முகப்ரியாவில் சாதாரண காந்தாரம் வரும். ஜி கார்டில் இருப்பது அந்தர காந்தாரம். ஒத்துவராது. ஆனந்தபைரவிக்கும் இதே சிக்கல்தான். அப்போ ஜி கார்டில் ஆள்காட்டி விரலை எடுத்துட்டு, நடுவிரலைக் கொஞ்சம் சாய்ச்சு 5ஆம் கம்பி ஒலிக்காமல் அமுக்குங்க: 3 – 0 0 3 3. ச, ப மட்டும் கேட்கும். பாட்டு முழுக்க அதை மட்டுமே மீட்டினாலும் தப்பில்லை. ராகம் தெரியாத பாட்டுக்கும் இதுதான் பாதுகாப்பு.

கடைசியா, வெடி ஆபீஸ் வேலை முடிஞ்சு வர்றவங்க சோப்பு போட்டுக் கை கழுவிட்டுக் கிடாரைத் தொடுங்க. மருந்தில் உள்ள கந்தகம் கம்பியைக் கறுக்க வைக்கும். வெடி காய உதவுற நம்ம ஊர் வெயில் கிடார் மரத்துக்கு ஆகாது. மொட்டை மாடியிலும், வெயிலில் நிற்கிற வண்டியிலும் வைக்காதீங்க.

கார்டு நிறையத் தெரிஞ்சுக்கிறது நல்லதுதான். ஆனா பஜனையில் கிடாருக்குச் சுருதிப் பெட்டியோட இடம்தான். முருகன் திருவடி ரெண்டையும் பிடிச்ச மாதிரி அந்த ரெண்டு விரலையும் விடாமப் பிடிச்சுக்குங்க. பாட்டைப் பாடுறவங்க பார்த்துக்குவாங்க.

பாதயாத்திரை போற உங்க குழுவுக்கும் இதை அனுப்புங்க. வேலும் மயிலும் துணை. வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!