அச்சம் தீர்க்கும் மருந்து

பல் போனால் சொல் போயிற்று என்பது பழமொழி. அத்தகைய பல்லைக் காக்கும் மருத்துவரைக் கண்டு சிறுவர் அஞ்சுவது ஏன்? அவ்வச்சம் பெரும்பாலும் தானே முளைப்பதன்று, பெரியோர் விதைப்பதேயாம். இதனை நான் என் பிழையினாலேயே அறிந்தேன்.

இராயபுரத்தில் எங்கள் இல்லம். ஆறு வயதினனாகிய என் பேரன் ஒருநாள் பல்வலியால் அழுதான். "காசிமேட்டில் படகு பார்க்கலாம், வா" என்று கூறி, அவனைப் பல் மருத்துவரிடம் அழைத்துச் சென்றேன். வாயிலை அடைந்ததும் உண்மையை உணர்ந்த அவன் வாயை இறுக மூடிக்கொண்டான். மருத்துவர் எத்துணை முயன்றும் பயனில்லை. திரும்பும் வழியில் மெய்யாகவே படகு பார்க்க அழைத்தேன். "நான் வரமாட்டேன், தாத்தா, நீங்கள் வேறெங்கோ கூட்டிப்போவீர்கள்" என்றான். அச்சொல் என் நெஞ்சைச் சுட்டது.

அன்று மாலை அவனிடம் என் பிழையை ஒப்புக்கொண்டேன். பின்னர் ஒரு கைக்கண்ணாடியைக் கொடுத்து, "நீ மருத்துவன், நான் நோயாளி" என்றேன். அவன் என் வாயில் எஞ்சியிருந்த பற்களை எண்ணிச் சிரித்தான். "நாளை மருத்துவரும் இவ்வாறே பார்ப்பார். சிறிது வலிக்கலாம். வலித்தால் கையைத் தூக்கு, அவர் நிறுத்துவார்" என்றேன். மருத்துவரிடமும் இதனை முன்னரே கூறி வைத்தேன்.

மறுநாட் காலை மருத்துவர் ஒவ்வொரு கருவியையும் எளிய சொல்லால் விளக்கினார். அவன் விரல் நகத்தில் வைத்துக் காட்டினார். அதன் பின்னரே வாயில் வைத்தார். சொல்லுதல், காட்டுதல், செய்தல் என்னும் இம்முறையை 1959ஆம் ஆண்டில் அடல்ஸ்டன் என்னும் பல் மருத்துவர் எடுத்துரைத்தார். பேரன் ஒருமுறை கையைத் தூக்கினான்; மருத்துவர் உடனே நிறுத்தினார். சிறிது நேரத்தில் அவனே வாயைத் திறந்தான். சொத்தை நீக்கப்பெற்றுப் பல் அடைக்கப்பட்டது.

மாணவர்களே! பால் பற்கள் 20. அவை விழுந்துவிடுபவைதாமே என்று சிலர் புறக்கணிப்பர். ஆனால் அவை பின்வரும் பற்களுக்கு இடம் காத்து நிற்பவை. மேலும், ஏறத்தாழ ஆறாம் வயதில் அவற்றின் பின்னே முளைக்கும் கடைவாய்ப் பல் விழுவதன்று. வாழ்நாள் முழுவதும் நிலைக்க வேண்டியது. ஆதலின் வலி வரும்வரை காத்திராமல், முதற்பல் முளைத்தபின், ஒரு வயது நிறைவதற்குள்ளேயே குழந்தையை மருத்துவரிடம் காட்டுதல் நலம். 1953ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற அரசுப் பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, சென்னைக் கோட்டை இரயில் நிலையத்தின் அருகே உள்ளது. திருவொற்றியூர், இராயபுரம் வாழ் மக்கள் அங்கு எளிதிற் செல்லலாம்.

உங்கள் தம்பி தங்கையர் குறும்பு செய்யுங்கால், "மருத்துவர் ஊசி போடுவார்" என்று அச்சுறுத்தாதீர்கள். "வலிக்கவே வலிக்காது" என்று பொய்யுறுதியும் கூறாதீர்கள். மெய்யைப் பொறுத்துக்கொள்ளும் வலிமை சிறு குழந்தைக்கும் உண்டு. ஏமாற்றத்தைப் பொறுக்கும் வலிமையே இல்லை.

அன்று மாலை என் பேரன் என் கையைப் பற்றிக்கொண்டு, "தாத்தா, இப்போது படகு பார்க்கப் போகலாமா?" என்றான். இருவரும் காசிமேட்டிற்கு நடந்தோம்.