பாதியைத் தள்ளிவிட்டுப் படிக்காதீர்கள்

நாட்குறிப்பு இலக்கியம்: கேள்வி-பதில்

கேள்வி: எட்டி ஹில்லெசம், ஆன் ஃபிராங்கைப் பார்த்துத்தான் நாட்குறிப்பு எழுதினாரா?
– கல்லூரி மாணவி

இல்லை. நாஜிகள் ஆக்கிரமித்திருந்த நெதர்லாந்தில் வாழ்ந்த ஹில்லெசம் நாட்குறிப்பைத் தொடங்கியது 1941 மார்ச்சில். ஆன் ஃபிராங்க் கைக்கு நோட்டு வந்ததே 1942 ஜூனில்தான்.

கேள்வி: மண்டியிட்டு ஜெபிக்கிறார், மத்தேயுவும் அகஸ்டினும் வாசிக்கிறார். அவரை யூதப் பெண் என்பது சரியா?
– இறையியல் மாணவர்

சரிதான். பெற்றோர் இருவரும் யூதர்கள், அவர் மதம் மாறவும் இல்லை. மண்டியிடுவது தனக்குப் பழக்கமில்லாதது என்று அவருக்கே தெரியும். கூச்சத்தோடுதான் அதை எழுதுகிறார். 1942 மே முதல் மஞ்சள் நட்சத்திரம் தைத்த உடையோடு தெருவில் நடக்க வேண்டியிருந்தவரிடம் இன்னொரு சான்று கேட்காதீர்கள்.

கேள்வி: முதல் பாதி முழுக்கக் காதல், தலைவலி, வயிற்றுவலி, அம்மாவைப் பற்றிய எரிச்சல். வெஸ்டர்போர்க் முகாம் கடிதங்களை மட்டும் படித்தால் போதாதா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர்

போதாது. வகுப்பில் ஒவ்வொரு பருவமும் யாராவது இதைக் கேட்கிறார்கள், எனக்கு ஒவ்வொரு முறையும் கோபம் வருகிறது. நாட்குறிப்பைத் தொடங்கும்போது அவருக்கு 27 வயது, சட்டம் படித்தவர், கல்யாணம் ஆகவில்லை, ரஷ்ய மொழி சொல்லிக்கொடுத்து வருகிற வருமானம். குடியிருந்த வீட்டுக்காரர் மனைவியை இழந்த முதியவர். அவரோடும் உறவு இருந்தது. கைரேகை பார்த்து மனச்சிகிச்சை செய்த யூலியஸ் ஷ்பியரிடம் போகிறார். ஷ்பியருக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது, நிச்சயித்த பெண் லண்டனில் இருக்கிறாள். அவர்மீதும் மனம் போகிறது. 1941 டிசம்பரில் கருவைக் கலைக்கிறார். தம்பிகள் இருவரும் மனநோய் சிகிச்சைக்குப் போனவர்கள், அது தன் பிள்ளைக்கும் வந்துவிடுமோ என்ற பயம் அவருக்கு இருந்தது. இதே மாதங்களில்தான் பூங்காக்களும் கடைகளும் யூதர்களுக்கு ஒவ்வொன்றாக மூடப்படுகின்றன. எல்லாம் ஒரே நோட்டில், சில சமயம் ஒரே பக்கத்தில் வருகிறது. பொறாமை, சோம்பல், ஆசை எல்லாவற்றையும் பெயர் சொல்லி எழுதிப் பழகிய கைதான், பிறகு வெஸ்டர்போர்க்கில் சரக்கு ரயில் பெட்டிகளில் ஏற்றப்பட்ட குழந்தைகளைப் பற்றி ஒப்பனையில்லாமல் எழுதியது. முதல் பாதியை வெட்டினால் கையில் மிஞ்சுவது ஒரு புனிதவதியின் படம். அந்தப் படத்தை மாட்டி வைத்துக் கும்பிடலாம், அவரிடமிருந்து கற்க முடியாது. கல்யாணமாகாத பெண்ணின் ஆசையும் தடுமாற்றமும் நமக்குச் சங்கடமாக இருக்கிறது என்பதற்காக அவர் வாழ்க்கையைத் திருத்தாதீர்கள் ஐயா.

கேள்வி: நண்பர்கள் ஒளித்துவைக்க முன்வந்தும் மறுத்தாரே. இது சரணடைவு இல்லையா?
– வங்கி ஊழியர்

கேள்வி நியாயமானது. அவர் காலத்து நண்பர்களே இதற்காக அவரிடம் மன்றாடினார்கள். தன் மக்களுக்கு வருவது தனக்கும் வரட்டும் என்று எண்ணினார். தான் தப்பினால் தன் இடத்தில் இன்னொருவர் ரயிலேற்றப்படுவார் என்பதையும் அறிந்திருந்தார். 1942 ஜூலையில் நாஜிகள் அமைத்த யூத கவுன்சிலில் வேலைக்குச் சேர்ந்து, யூதர்களை ரயிலேற்றும்வரை அடைத்துவைத்த வெஸ்டர்போர்க் முகாமுக்குத் தானாகக் கேட்டுப் போனார். நோயாளிகளைக் கவனித்தார், செய்திகளைக் கொண்டுபோய்ச் சேர்த்தார். அடுத்த ஆண்டு பெற்றோரும் தம்பி மிஷாவும் அங்கே கொண்டுவரப்பட்டபின் அவர்களை விட்டு நகரவில்லை. 1943 செப்டம்பர் 7 அன்று நால்வரும் ஆஷ்விட்ஸுக்கு அனுப்பப்பட்டார்கள். நெதர்லாந்திலிருந்து கொண்டுபோய்க் கொல்லப்பட்ட யூதர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். ஒளிந்தவர்களும் வீரர்கள்தான். அவர் முடிவோடு எனக்கு முழு உடன்பாடு இல்லை. ஆனால் அதைக் கோழைத்தனம் என்று எழுதினால் அந்தத் தாளைத் திருப்பி அனுப்பிவிடுவேன்.

கேள்வி: எனக்கு 34. தனியாக இருக்கிறேன். போன வருடம் மிக மோசம். எழுதலாமா? யாராவது படித்துவிட்டால்?
– பெயர் வேண்டாம்

எழுதுங்கள் அம்மா. தேதி போடுங்கள், வெட்கப்பட்டுப் பக்கத்தைக் கிழிக்காதீர்கள். தூக்கமே வராத நாட்கள் தொடர்ந்தால் மருத்துவரையும் பாருங்கள். நோட்டு அவருக்கு மாற்று இல்லை. ஹில்லெசம் தன் நோட்டுகளைத் தோழி ஒருத்தியிடம் கொடுத்து, எழுத்தாளர் கிளாஸ் ஸ்மேலிக்கிடம் சேர்க்கச் சொல்லிவிட்டுப் போனார். அவை 1981-ல்தான் அச்சேறின. உங்களுடையதை யாரிடம் கொடுப்பது, கொடுக்கவே வேண்டாமா என்பதையும் நீங்களே முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள்.