அளவு கேட்காத கடையில் ஸ்டியரிங் கவர் வாங்காதீர்கள்

ஆழியாறைத் தாண்டி வால்பாறைக்கு ஏறும் சாலையில் 40 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் கை மாற்றிக் கை மாற்றி ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்தாக வேண்டும். வாரா வாரம் அந்தச் சாலையில் வண்டி ஓட்டுகிறவன் சொல்கிறேன்: கைக்கும் சக்கரத்துக்கும் நடுவில் இருக்கும் ஒரு மில்லிமீட்டர் தோலை, பிரேக் அளவுக்கு மதிக்க வேண்டும். அதை அழகுச் சாமானாக நினைத்து விற்கிறவர்களால் நான் பட்டது போதும்.

என் வண்டி பழையது. ஸ்டியரிங்கின் மேல்தோல் வழவழவென்று தேய்ந்துபோனதால் ஓர் உதிரிச் சாமான் கடைக்குப் போனேன். அளவு எடுக்கவே இல்லை. "எல்லா வண்டிக்கும் ஒரே சைஸ்தானுங்க சார்" என்று ஒரு ரெக்சின் கவரை மாட்டினார்கள். கையால் திருகினால் கவர் மட்டும் தனியாகச் சுற்றியது. அப்போதே கழற்றிவிட்டு வேறு அளவு கொடுத்திருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். அவர்களோ நான் பில் போட்டு வருவதற்குள் உள்ளே பசையைத் தடவி ஒட்டிவிட்டார்கள். "இனி ஆடாதுங்க" என்றார்கள்.

கோடை வந்தது. வெயிலில் நிற்கும் காருக்குள் என்ன சூடு ஏறும் என்று உங்களுக்கே தெரியும். பசை இளகியது, ரெக்சினும் இளகியது. ஒரு வளைவில் என் கை திரும்பிய அளவுக்குச் சக்கரம் திரும்பவில்லை. எதிரே பேருந்து இறங்கி வந்துகொண்டிருந்தது. ஓட்டுநர் நிறுத்தி வழி விட்டதால் தப்பித்தேன்.

வீட்டுக்கு வந்து கவரை உரித்தபோதுதான் முழுச் சேதமும் தெரிந்தது. பசையோடு சேர்ந்து ஸ்டியரிங்கின் பாலியூரித்தேன் மேல்தோலும் திட்டுத் திட்டாகப் பிய்ந்து வந்தது. கடையில் கேட்டதற்கு, "பழைய வண்டிங்க, அப்படித்தான் இருக்கும்" என்றார்கள். தளர்ந்த கவரைப் பசையால் பிடித்து வைக்கும் இந்த ஒரு தவறு, கவர் விலையைப் போலப் பல மடங்கை விழுங்கிவிடும். கவரைப் பிடித்து வைக்க வேண்டியது அதன் இறுக்கம்தான். இறுக்கம் இல்லாத இடத்தில் பசை பூசுவது குறையை மறைக்கும் வேலை. சுத்தமான ஸ்டியரிங்கில் தோலை நகராமல் நிறுத்த இருபுறமும் ஒட்டும் மெல்லிய டேப் துண்டுகள் வைக்கலாம். அதற்கு மேல் எதுவும் வேண்டாம்.

பசையை எடுக்க மெக்கானிக் ஒருவர் தின்னர் போடச் சொன்னார். போடாதீர்கள். தின்னர் பசையைக் கரைப்பதோடு அடியிலுள்ள நுரையையும் கரைக்கப் பார்க்கும். ஹேர் டிரையரில் லேசாகச் சூடு காட்டி விரலால் உருட்டி உருட்டி எடுத்தேன். பிய்ந்த பள்ளங்களை வளைந்து கொடுக்கும் ஃபில்லரால் நிரப்பி, 220 உப்புத்தாளிலும் பிறகு 400-லும் தேய்த்தேன். அடியில் மேடு பள்ளம் இருந்தால் தோலின் மேலே அப்படியே தெரியும்.

அதன் பிறகு வேறு யார் கையிலும் அந்த ஸ்டியரிங்கைக் கொடுக்க மனம் வரவில்லை. புதுத் தோல் கவரை நானே தைப்பது என்று முடிவு செய்தேன். "புது ஸ்டியரிங்கே வாங்கிப் போடலாமே மாமா, எதுக்கு இந்தப் பாடு?" என்றான் மச்சினன். புதிதாக வருவதும் இதே வழவழப்பு ரகம்தான். வெயிலில் நின்று வியர்வை பட்டால் அதுவும் இதே கதிக்கு வரும்.

முதலில் அளவு. ஒரு நூலும் ஸ்கேலும் போதும். என் ஸ்டியரிங்கின் வெளிவிட்டம் 37 செ.மீ. வெளிச் சுற்று 116 செ.மீ. கைப்பிடியின் தடிப்பைச் சுற்றி நூல் போட்டால் 9.5 செ.மீ. ஆக, உள்பக்கச் சுற்று 97 செ.மீ.தான். இந்த மூன்று எண்களுக்குள் எல்லாம் அடங்கியிருக்கிறது. வெளிப்பக்கத் தோல் 116-க்கு நீள வேண்டும். உள்பக்க விளிம்பு 97-க்குச் சுருங்க வேண்டும். தோலை 116 செ.மீ. வெட்டினால் வெளியே தளர்ந்து உள்ளே சுருக்கம் சுருக்கமாக நிற்கும். நான் 110 வெட்டினேன். அகலத்தையும் 9.5-க்கு வெட்டாமல் 9.1-ஆகக் குறைத்தேன். சுற்றிப் பிடித்தால் இரண்டு விளிம்புக்கும் நடுவே மூன்று நான்கு மில்லிமீட்டர் இடைவெளி தெரிய வேண்டும். அந்த இடைவெளியை மூடுவதுதான் தையலின் வேலை. விளிம்புகள் தாமாகவே தொட்டுக்கொண்டால் நூலுக்கு இழுக்க எதுவுமில்லை. சில மாதங்களில் கவர் சுற்றத் தொடங்கும்.

அடுத்து தோல். திண்டுக்கல், திருச்சிப் பக்கம் ஆவாரம் பட்டை போட்டுப் பதனிடும் தோலுக்குப் பெரிய பெயர் உண்டு. பெயருக்கு ஏற்ற தரமும் உண்டு. ஆனாலும் இந்த வேலைக்கு நான் அதை எடுக்கவில்லை. பட்டையில் பதனிட்ட தோல் விறைப்பானது, நீளாது, கடும் சூட்டில் சுருங்கும். ஷூ மேல்பாகத்துக்கு ஆம்பூரில் பயன்படுத்தும் குரோம் தோல்தான் சரி. மெல்லியது, இழுத்தால் கொடுக்கும், சூடு தாங்கும். விற்பவர் சொல்வதை நம்ப வேண்டியதில்லை. விரல் அளவு துண்டைக் கொதிநீரில் இரண்டு நிமிடம் போடுங்கள். நன்றாகக் குரோமில் பதனிட்ட தோல் அப்படியே இருக்கும். பட்டைத் தோல் சுருண்டுவிடும். தடிப்பு 1 முதல் 1.2 மி.மீ. வரை போதும். அதற்கு மேல் போனால் உள்வளைவில் மடிப்பு விழும். ஆட்டுத்தோல் மிருதுவாகத்தான் இருக்கும், ஆனால் 110 செ.மீ. நீளத்துக்கு ஒரே துண்டாகக் கிடைப்பது அரிது. மாட்டுத்தோலே வாங்குங்கள். அதிலும் முதுகுத்தண்டை ஒட்டி, அதன் நீளவாக்கில் வெட்டுங்கள். வயிற்றுப் பக்கத் தோல் நாளாக நாளாக இளகும்.

வெட்டுவது, ஓரம் சீவி இரு முனையையும் சேர்த்து வளையமாக்குவது, துளை போடுவது எல்லாம் பொறுமையான வேலை, கடினமில்லை. விளிம்பிலிருந்து நான்கு மி.மீ. உள்ளே, ஐந்து மி.மீ.க்கு ஒன்றாகத் துளையிடுங்கள். இரண்டு விளிம்பிலும் துளைகளின் எண்ணிக்கை ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு துளை கூடினாலும் தையல் கோணிக்கொள்ளும்.

தைக்கும் முறையைப் பொள்ளாச்சி பேருந்து நிலையம் பக்கம் செருப்புத் தைக்கும் பெரியவர் ஒருவரிடம் கற்றேன். கண்ணாடி பதித்த கடையில் இருந்துகொண்டு அளவு எடுக்கத் தெரியாதவர்களைப் பார்த்தவன் நான். இவரோ என் தோலைக் கையில் வாங்கியதும் முதலில் கேட்டது, "சக்கரம் எத்தனை அளவு தம்பி?" என்றுதான். மெழுகு பூசிய பாலியஸ்டர் நூல், முனை மழுங்கிய இரண்டு ஊசிகள் வேண்டும் என்றார். பருத்தி நூல் வியர்வையில் இற்றுவிடும். கூர்மையான ஊசி, போட்ட நூலையே குத்திப் பிளக்கும். "நூலை இழுக்கறதுக்கு முன்னாடி தோலை இழு. கட்டை விரல்ல ரெண்டு ஓரத்தையும் சேத்துட்டு அப்புறம் நூலை இறுக்கு" என்றார். இந்த ஒரு வாக்கியம் இல்லையென்றால் என் தையல் நின்றிருக்காது. நூலை மட்டும் இழுத்தால் அது துளையை அறுத்துக்கொண்டு வந்துவிடும்.

ஸ்டியரிங்கைக் கழற்ற வேண்டாம். இந்தியாவில் 2019 ஜூலை முதல் விற்கும் எல்லா புது கார்களிலும் ஓட்டுநர் பக்க ஏர்பேக் கட்டாயம். அது ஹாரன் பேடுக்குள்தான் இருக்கிறது. பேடைத் தொடாமல், சீட்டைப் பின்னால் தள்ளி உட்கார்ந்து தைப்பதே நல்லது. தோல் வளையத்தை ஹேர் டிரையரில் வெதுவெதுப்பாக்கி, ஒருவர் மேலே பிடித்துக்கொள்ள, மற்றவர் கீழே இழுத்து மாட்டுங்கள். என் மனைவி பிடித்துக்கொண்டார். இணைப்பு அடிப்பக்கம் வரட்டும். வளையத்தையும் சக்கரத்தையும் நான்காகப் பிரித்துக் குறியிட்டு, அந்த நான்கு இடங்களிலும் வேறு நூலால் தற்காலிகமாகக் கட்டுங்கள். இதைச் செய்யாமல் ஒரு முனையிலிருந்து தைத்துக்கொண்டே போனால் கடைசியில் தோல் மிஞ்சும்.

பிறகு ஒவ்வொரு பகுதியாகக் குறுக்குத் தையல். தைக்கும் நீளத்தைப் போல நான்கு மடங்கு நூல் எடுங்கள். ஸ்போக் வரும் இடத்தில் இரு விளிம்பும் சந்திக்காது. அங்கே முன் விளிம்பில் ஒரு ஊசி, பின் விளிம்பில் ஒரு ஊசி என்று தனித்தனியே ஓட்டி, ஸ்போக்கைத் தாண்டியதும் மறுபடி குறுக்கே இழுக்க வேண்டும். தோல் ஓரத்தை ஸ்பூன் காம்பால் இடுக்கில் திணியுங்கள். கத்தி முனை வேண்டாம்.

சிவப்பு நூல் போட்டால் எடுப்பாக இருக்கும் என்று எல்லோரும் சொன்னார்கள். நான் கறுப்புதான் போட்டேன். ஸ்டியரிங்கில் கண் போக வேண்டிய அவசியமில்லை. கண் சாலையில் இருக்க வேண்டும். உள்ளே பஞ்சு வைத்துத் தடிமனாக்கவும் மறுத்தேன். பிடி பெருத்தால் வளைவில் விரல் முழுசாகச் சுற்றாது.

தைத்து முடித்ததும் ஒரு சோதனை. வண்டி நிற்கும்போது இரு கையாலும் கவரை எதிர் எதிர்த் திசையில் பலமாகத் திருகுங்கள். இம்மியளவு நகர்ந்தாலும் பிரித்துவிட்டு மறுபடி இறுக்குங்கள். கொஞ்ச நாள் வெயிலில் நின்ற பிறகு இதே சோதனையை இன்னொரு முறை செய்யுங்கள். என் கவர் ஒரு கோடையைக் கடந்தும் நகரவில்லை.

தைக்க நேரமில்லாதவர்கள் கடைக்கே போகலாம், தவறில்லை. ஆனால் வெளிவிட்டத்தையும் பிடியின் சுற்றளவையும் தாளில் எழுதிக்கொண்டு போங்கள். அளவைக் கேட்காமல் கவரை எடுத்து வைத்தால் வாங்காதீர்கள். யாராவது பசை டப்பாவைத் திறந்தால், வண்டிச் சாவியை வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.