ஊரையே கடையாகப் பார்க்கும் படிப்பு



பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்துவிட்டால் நம் உறுப்பினர் வீடுகளில் ஒரே பேச்சுதான். பி.காம். சேர்க்கலாமா, என்ஜினீயரிங் சேர்க்கலாமா என்று ஆளுக்கொரு யோசனை. இதற்கிடையில் பையனோ பெண்ணோ, ‘சுற்றுலா மேலாண்மை படிக்கிறேன்’ என்று சொன்னால் பெரியவர்கள் சிரித்துவிடுகிறார்கள். ‘ஊர் சுற்றுவதற்கும் ஒரு படிப்பா? ஓட்டலில் தட்டு எடுக்கவா இவ்வளவு பணம் கட்டுவது?’ என்று கேட்கிறார்கள்.

நாம் பள்ளிப் படிப்போடு கல்லாவுக்கு வந்தவர்கள். இருந்தாலும் இந்தப் படிப்பில் என்னதான் சொல்லித் தருகிறார்கள் என்று பாடங்களைக் கேட்டும் படித்தும் பார்த்தோம். பார்த்ததில் ஒன்று விளங்கியது. நாம் நம் கடையைப் பார்ப்பது போல, ஓர் ஊரை முழுவதும் ஒரே கடையாக வைத்துப் பார்க்கும் படிப்பு இது. யார் வருகிறார்கள், எதற்கு வருகிறார்கள், கொடுத்த பணம் எங்கே போகிறது, எத்தனை பேரை இடம் தாங்கும், மறுபடி வருவார்களா என்ற கேள்விகள்தாம் அதன் பாடங்கள். ஆகவே பிள்ளைகளைச் சேர்க்கிறோமோ இல்லையோ, நாம் தெரிந்துகொள்ள வேண்டிய சங்கதி இதில் நிறைய உண்டு.

ஓட்டல் படிப்பு வேறு, சுற்றுலாப் படிப்பு வேறு

இரண்டையும் ஒன்றாக எண்ணுவது பலருக்கும் வழக்கம். ஓட்டல் நடத்தும் தொழிலுக்குப் பள்ளிக்கூடம் சுவிட்சர்லாந்து நாட்டின் லோசான் நகரில் 1893ஆம் ஆண்டிலேயே தொடங்கிவிட்டது. நம் நாட்டில் 1954இல் பம்பாயில் வந்தது. சமையல், பரிமாறுதல், அறை பராமரிப்பு, கணக்கு ஆகியவை அங்கே கற்பிக்கப்படும்.

சுற்றுலாவைத் தனிப் பாடமாகப் பல்கலைக்கழகங்கள் எடுத்துக்கொண்டது பிற்பாடுதான். இங்கிலாந்தில் சர்ரே பல்கலைக்கழகமும் ஸ்காட்லாந்தில் ஸ்ட்ராத்கிளைடு பல்கலைக்கழகமும் 1972இல் முதுநிலை வகுப்புகளைத் தொடங்கின. நம் மத்திய அரசு 1983இல் இந்தியச் சுற்றுலா மற்றும் பயண மேலாண்மை நிறுவனத்தை ஏற்படுத்தியது. இதன் தலைமையிடம் குவாலியரில் உள்ளது. நமக்குக் கிட்டத்தில் நெல்லூரிலும் ஒரு கிளை உண்டு. புதுவைப் பல்கலைக்கழகத்தில் இதற்கென்றே ஒரு துறை இருக்கிறது. இந்திரா காந்தி தேசிய திறந்தநிலைப் பல்கலைக்கழகம் வீட்டிலிருந்தே படிக்கும்படி நடத்துகிறது.

இப்படிப்பில் ‘சேரிட மேம்பாடு’ என்று ஒரு பகுதி உண்டு. பயணிகள் வந்து சேரும் ஊரை எப்படி வளர்ப்பது, வளர்ந்ததை எப்படிக் காப்பது என்பது அது. வியாபாரிக்கு வேண்டிய பாடம் அங்கேதான் இருக்கிறது. அதில் மூன்றை மட்டும் இங்கே எடுத்துக்கொள்வோம்.

முதல் பாடம்: ஊருக்கும் வயது உண்டு

ரிச்சர்ட் பட்லர் என்ற புவியியல் பேராசிரியர் 1980இல் ஒரு கருத்தை வெளியிட்டார். இன்றும் சுற்றுலா மாணவர்கள் படிக்கும் அடிப்படைப் பாடங்களில் அது ஒன்று. சுற்றுலா ஊர் ஒவ்வொன்றும் படிப்படியாக வளர்ந்து பின் தேங்கும் என்பது அவர் சொன்னது.

முதலில் யாரோ நாலு பேர் அந்த இடத்தைக் கண்டறிந்து வருகிறார்கள். அடுத்து உள்ளூர்க்காரர்களே முன்வந்து அறை கொடுக்கிறார்கள், சாப்பாடு போடுகிறார்கள். மூன்றாவதாக விளம்பரம், சாலை, பெரிய ஓட்டல் என்று வேகமாக வளர்கிறது. நான்காவதில் கூட்டம் நிறைய, ஆனால் வளர்ச்சியின் வேகம் குறைகிறது. ஐந்தாவது தேக்கம். தண்ணீரும் இடமும் போதாமல் போகும், வந்தவர்களே திரும்ப வருவார்கள், கட்டடங்கள் அடிக்கடி கை மாறும். அதற்குப் பிறகு சரிவு, அல்லது புதிதாக ஏதாவது செய்து புத்துயிர்.

இதில் நாம் குறித்துக்கொள்ள வேண்டியது மூன்றாவது படி. ஊர் வேகமாக வளரும் அந்தக் காலத்தில்தான் உள்ளூர்க்காரர் கையிலிருந்து பிடி நழுவுகிறது என்று பட்லர் சொல்கிறார். வெளியூர் முதல் வருகிறது. அதோடு வெளியூர் ஆளும் வெளியூர்ச் சரக்கும் வருகின்றன. கடைத்தெருவில் ஜனம் நெருக்கியடிக்கும், ஆனால் கல்லாவில் அந்த அளவுக்குச் சேராது. ‘கூட்டம் இருக்கிறது, வியாபாரம் இல்லை’ என்று பல ஊர் உறுப்பினர்கள் சொல்லக் கேட்கிறோம். காரணம் கடைக்காரரின் ராசியில் இல்லை. ஊர் இருக்கும் படியில் இருக்கிறது.

இரண்டாம் பாடம்: ஒழுகும் பானை

பயணி கொடுத்த பணம் ஊரில் தங்காமல் வெளியே போவதைப் பாடநூலில் ‘கசிவு’ என்கிறார்கள். இதை நம் வழியில் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஒரு பயணி லாட்ஜில் 1,000 ரூபாய் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். லாட்ஜ்காரர் அதில் 600 ரூபாயை வெளியூர்ச் சரக்குக்கும் ஆளுக்கும் அனுப்பிவிட்டால் ஊரில் நிற்பது 400. அது மளிகைக் கடைக்கும் பால்காரருக்கும் கூலியாளுக்கும் போகிறது. அவர்களும் அதே விகிதத்தில் செலவு செய்தால் அடுத்த சுற்றில் ஊரில் நிற்பது 160, அதற்கடுத்து 64. இப்படிக் கடைசி வரை கூட்டினால் அந்த ஆயிரத்தால் ஊரில் நடந்த மொத்த வியாபாரம் ஏறக்குறைய 1,667 ரூபாய்.

இதையே மாற்றிப் போடுவோம். வெளியே போவது 400, ஊரில் நிற்பது 600 என்றால் 1,000, 600, 360, 216 என்று வளர்ந்து கூட்டுத்தொகை 2,500 ஆகிறது. பயணி ஒருவர்கூடக் கூடுதலாக வரவில்லை. பஸ் ஒன்றுகூடக் கூடுதலாக ஓடவில்லை. ஊர் வியாபாரம் மட்டும் ஒன்றரை மடங்கு ஆகிவிட்டது. பானையில் மேலும் தண்ணீர் ஊற்றுவதைவிட ஓட்டையை அடைப்பது மேல் என்பதுதான் இப்பாடம்.

ஓட்டை எங்கே இருக்கிறது? ஓட்டல்காரர் ஏன் நம்மிடம் வாங்காமல் தூரத்து நகரத்திலிருந்து லாரியில் இறக்குகிறார்? மொத்தக் கடைக்கு வரும் ஓட்டல் கொள்முதல் ஆட்களிடம் இதை விசாரித்திருக்கிறோம். விலையை யாரும் முதலில் சொல்லவில்லை. ‘சென்ற மாதம் தந்த அரிசி வேறு, இந்த மாதம் தந்தது வேறு’ என்பதே முதல் குறை. பழைய அரிசிக்கு வைக்கும் தண்ணீரைப் புது அரிசிக்கு வைத்தால் சோறு குழைந்துவிடும். நூறு பேருக்குச் சமைக்கும் இடத்தில் அது பெரிய நஷ்டம். சொன்ன நேரத்துக்குச் சரக்கு வராதது இரண்டாவது. முறையான பில் கிடைக்காதது மூன்றாவது. பத்துக் கடையில் பத்துக் கணக்கு வைத்துக்கொள்ள முடியாது என்பது நான்காவது. நான்கும் நம்மால் சரிசெய்யக் கூடியவையே.

குமரகம் காட்டிய வழி

இதைச் செய்து காட்டிய ஊர் கேரளத்தில் இருக்கிறது. கோட்டயம் மாவட்டத்தில் வேம்பநாட்டுக் காயலின் கரையில் உள்ள குமரகம்தான் அது. உல்லாச விடுதிகள் வந்தன, பயணிகள் வந்தார்கள். ஆனால் விடுதிக்கு வேண்டிய காய்கறியும் மற்ற பண்டங்களும் பெரும்பாலும் வெளியிலிருந்தே வந்தன. ஊர் மக்களுக்கும் விடுதிகளுக்கும் மனத்தாங்கல் வளர்ந்தது.

2008இல் கேரள அரசு அங்கே ‘பொறுப்புச் சுற்றுலா’ திட்டத்தைத் தொடங்கியது. பஞ்சாயத்தும் விடுதிக்காரர்களும் குடும்பஸ்ரீ மகளிர் குழுக்களும் ஒன்றாக உட்கார்ந்து பேசினார்கள். சும்மா கிடந்த நிலத்தில் பெண்கள் காய்கறி பயிரிட்டார்கள். விலையையும் தரத்தையும் குழு வைத்து முடிவு செய்தார்கள். ஆளாளுக்கு விடுதி வாசலில் போய் நிற்காமல், எல்லோர் சரக்கும் ஓரிடத்தில் சேர்ந்து விடுதிகளுக்குப் போனது. ஐக்கிய நாடுகள் சபையின் உலகச் சுற்றுலா அமைப்பு 2013ஆம் ஆண்டுக்கான யுலிசஸ் விருதை இதற்காகக் கேரளச் சுற்றுலாத் துறைக்கு வழங்கியது.

இதில் நமக்கு ஒரு பெருமையும் உண்டு, ஓர் எச்சரிக்கையும் உண்டு. சிறியவர்கள் சேர்ந்தால் பெரிய விடுதிக்குச் சரக்குக் கொடுக்க முடியும் என்பது பெருமை. அங்கே அந்த இடத்தைப் பிடித்தவர்கள் மகளிர் குழுவினர், மளிகைக் கடைக்காரர்கள் அல்லர் என்பது எச்சரிக்கை. நாம் தூங்கினால் விழித்திருப்பவர் வியாபாரம் செய்வார். அதில் தவறு சொல்வதற்கு இல்லை.

மூன்றாம் பாடம்: தாங்கும் அளவு

பத்து மூட்டை அடுக்கும் பரணில் பதினைந்து அடுக்கினால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். ஊருக்கும் அப்படித்தான். தண்ணீர், சாலை, குப்பை, வண்டி நிறுத்தும் இடம் எல்லாவற்றுக்கும் ஓர் அளவு உண்டு. மனிதர் பொறுமைக்கும் அளவு உண்டு. டாக்ஸி என்ற அறிஞர் 1975இல் இதை நான்காகப் பிரித்தார். பயணியைக் கண்டால் ஊராருக்கு முதலில் மகிழ்ச்சி, பிறகு அசட்டை, பிறகு எரிச்சல், முடிவில் பகை.

இது ஏட்டுச் சுரைக்காய் இல்லை. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் செல்லும் வண்டிகளுக்கு இ-பாஸ் முறை வந்தது. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை அதற்கு எண்ணிக்கை வரம்பும் விதிக்கப்பட்டது. நீலகிரிக்கு வார நாளில் 6,000 வண்டிகள், வார இறுதியில் 8,000. கொடைக்கானலுக்கு 4,000, 6,000. நீலகிரி வியாபாரிகள் 2025 ஏப்ரல் 2ஆம் தேதி கடையடைப்புச் செய்தார்கள். மூன்று மாத சீசனை நம்பி வருடம் முழுவதும் வாடகையும் வட்டியும் கட்டுகிறவர்களின் வேதனையை நாம் அறிவோம்.

ஆனால் மலை எத்தனை வண்டியைத் தாங்கும் என்று ஆராயும் பொறுப்பு யாரிடம் போனது? சென்னை ஐ.ஐ.டி.யிடமும் பெங்களூர் ஐ.ஐ.எம்.மிடமும் போனது. படித்தவர்கள் எண்ணோடு பேசுவார்கள். அங்கே நாம் ‘வியாபாரம் படுத்துவிட்டது’ என்று மட்டும் சொன்னால் எடுபடாது. எந்த வாரம், எத்தனை சதவீதம், எந்தச் சரக்கில் குறைந்தது என்று காட்ட வேண்டும். கடையடைப்பு ஒரு நாள் செய்தி. கணக்குப் புத்தகம் என்றைக்கும் சாட்சி.

கடையில் இன்றே தொடங்கலாம்

இதற்குப் பட்டம் தேவையில்லை. நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும்.

1. தினமும் விற்பனையை மூன்றாகப் பிரித்து எழுதுங்கள்: உள்ளூர் வீடுகள், பயணிகள், ஓட்டல்-மெஸ்-லாட்ஜ். மாதச் சாமான் சீட்டோடு வருபவர் உள்ளூர். ஷாம்பு பாக்கெட், சின்ன சோப்பு, பிஸ்கட் கேட்பவர் பெரும்பாலும் பயணி.

2. அன்றைக்கு என்ன விசேஷம் என்று பக்கத்தில் குறியுங்கள். பௌர்ணமி, திருவிழா, பள்ளி விடுமுறை, மழை, சாலை அடைப்பு எதுவானாலும் சரி.

3. ஓட்டல்காரர் கேட்டு நம்மிடம் இல்லாமல் போன சரக்கைத் தனியாக எழுதுங்கள். ஓட்டை அங்கேதான்.

4. பன்னிரண்டு மாதம் முடிந்ததும் தெருவில் உள்ள பத்துக் கடை நோட்டையும் சங்கத்தில் வைத்துக் கூட்டுங்கள். கடைப் பெயர் வேண்டாம், தொகை போதும்.

அந்தக் கூட்டுத்தொகை கையில் இருந்தால் நகராட்சியிலும் கலெக்டர் அலுவலகத்திலும் நம் பேச்சுக்கு எடை கூடும். ஓட்டல்காரரிடம் சேர்ந்து சரக்குக் கொடுக்கும் பேச்சையும் அதை வைத்தே தொடங்கலாம்.

பிள்ளைகளைச் சேர்க்குமுன்

விசாரிக்க வேண்டியவை சில உண்டு. டிக்கெட் போடவும் பயணம் ஏற்பாடு செய்யவும் மட்டும் சொல்லித் தருகிறார்களா, சேரிட மேம்பாடும் புள்ளிவிவரமும் பொருளாதாரமும் உண்டா என்று பாடத்திட்டத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். களப் பயிற்சி எத்தனை மாதம், எங்கே அனுப்புகிறார்கள் என்று கேளுங்கள். ஏற்கெனவே படித்து முடித்தவர்கள் இப்போது என்ன வேலையில் இருக்கிறார்கள் என்று அவர்களிடமே விசாரியுங்கள். விளம்பரத் தாளை நம்பிப் பணம் கட்ட வேண்டாம். தொடக்கச் சம்பளம் குறைவாக இருக்கக்கூடும், திருவிழாவும் விடுமுறையும்தான் வேலை நாள் என்பதையும் பிள்ளைக்குச் சொல்லிவிடுங்கள். தீபாவளிக்குக் கடை திறந்து வைக்கும் வீட்டுப் பிள்ளைக்கு அது புதிதாக இருக்காது.

அப்படிப் படிக்கும் பிள்ளை இறுதியாண்டில் ஓர் ஆய்வறிக்கை எழுத வேண்டியிருக்கும். எங்கோ தூரத்து ஊரைப் பற்றி எழுதுவானேன்? நம் கடைத்தெருவைப் பற்றியே எழுதச் சொல்லுங்கள். மேலே சொன்ன நோட்டுகளை அந்தப் பிள்ளை கையில் கொடுங்கள். பெரியவர் அனுபவமும் சிறியவர் படிப்பும் ஒரே தாளில் சேரும்.

வருகிற கூட்டத்தைப் பார்த்துக் கடை திறந்தது நம் காலம். இனி ஊரையும் பார்த்துக் கடை நடத்த வேண்டும். கற்பதற்கு வயதில்லை. உறுப்பினர்கள் நாளைக் காலை கடை திறந்ததும் அந்த நோட்டில் முதல் வரியை எழுதுமாறு கேட்டுக்கொள்கிறோம்.