ஸ்பிறைற் வண்டியின் முன்தொங்கல்: தேய்வும் திருத்தமும்

மோட்டர் வண்டியிற் பழுது என்றவுடன் எஞ்சினையே நினைப்பது மக்கள் இயல்பு. எஞ்சின் பழுதுபட்டால் வண்டி நின்றுவிடும்; உடையவருக்குச் செலவும் சிறிது வெட்கமும் உண்டாகும்; அவ்வளவே. முன்சில்லைத் தாங்கும் உறுப்பு முறிந்தாலோ வண்டி நிற்பதில்லை. ஓட்டுபவர் சொற்கேளாது தான் நினைத்த திசையிற் செல்லும். இவ்விரண்டனுள் அஞ்சத்தக்கது எதுவென்பது வெளிப்படை. இருந்தும் எஞ்சினுக்காகக் கராச்சுக்கு வரும் வண்டிகள் பல. முன்தொங்கலுக்காக வருவன, அதுவும் காலந் தாழ்த்தாது வருவன, மிகச் சில. தொங்கல் என்றது வண்டியின் உடலைச் சில்லுகளின்மேல் வில் கொண்டு தாங்கும் அமைப்பை. சஸ்பென்சன் என்று கராச்சுகளில் வழங்குவதும் அதுவே.

இதனை விளக்குதற்கு ஒஸ்ரின்-ஹீலி ஸ்பிறைற் என்னும் சிறிய ஸ்போட்ஸ் காரை எடுத்துக்கொள்வோம். இது 1958ஆம் ஆண்டு மே மாதம் 20ஆந் திகதி மொன்ரி காலோ நகரில் உலகுக்கு அறிமுகமாயிற்று. மூடியின்மேல் விழித்து நின்ற இரு விளக்குகளைக் கண்டு ஆங்கிலேயர் அதனைத் தவளைக்கண்ணன் என அழைத்தனர். அபிங்டனில் இருந்த எம்.ஜி. தொழிற்சாலையில் முதல் வகை வண்டிகள் ஏறத்தாழ 49,000 கட்டப்பட்டன. 1961இல் அதன் உடன்பிறப்பாக எம்.ஜி. மிட்ஜெற் தோன்றி 1979 வரை நிலைத்தது. உருவும் எஞ்சினும் இடையிடையே மாறின. முன்தொங்கலின் அடிப்படை மாறவில்லை. ஆதலின் ஈண்டுக் கூறப்படுவன இரண்டுக்கும் பொருந்தும்.

இவ்வண்டியின் பிறப்பில் நம்மவர் அறியத்தக்க செய்தி ஒன்றுண்டு. குறைந்த விலைக்கு விற்க வேண்டியிருந்தமையால் டொனால்ட் ஹீலி அதற்கென எல்லா உறுப்புக்களையும் புதிதாக ஆக்குவிக்கவில்லை. 948 க.ச.மீ. எஞ்சினும் முன்தொங்கலும் ஒஸ்ரின் ஏ35 என்னும் குடும்ப வண்டியிலிருந்து வந்தன. ஸ்ரியறிங்கின் பற்சட்டம் மொறிஸ் மைனரிலிருந்து வந்தது. வெளியே பந்தயக் குதிரை; உள்ளே வீட்டுப் பசுவின் எலும்புகள். யாழ்ப்பாணத்து வீதிகளில் மொறிஸ் மைனரும் ஒஸ்ரின் ஏ40 வகைகளும் பல தலைமுறைகளாக வாடகை வண்டிகளாய் உழைத்தன. பெற்றோல் தடைப்பட்டிருந்த 1990களில் மண்ணெண்ணெயில் அவற்றை ஓட்டிய நம் மெக்கானிக்குகளின் திறமையை யாவரும் புகழ்வர். அந்த எஞ்சின்களைச் சுமந்து குண்டுங் குழியுமான வீதிகளில் அடிபட்ட கிங்பின்களைப் பற்றி எவரும் பாடியதில்லை. அவற்றைத் தொட்ட கைகளுக்கு ஸ்பிறைற்றின் முன்தொங்கல் புதிதாகத் தோன்றாது.

அதன் அமைப்பு வருமாறு. சில்லு சுழலும் அச்சுக்கட்டையை ஏந்தி, சற்றே சாய்வாக நிமிர்ந்து நிற்கும் உருக்குத் தண்டே கிங்பின். ஸ்ரியறிங்கைத் திருப்பும்போது அச்சுக்கட்டை இத்தண்டைச் சுற்றித் திரும்பும். இரண்டுக்கும் இடையே மேலொன்றும் கீழொன்றுமாக வெண்கலப் புஷ்கள் உள. கிங்பின்னின் மேல்தலையை ஷொக் அப்சோபரின் கை பிடித்திருக்கும். இங்கே அந்த ஷொக் அப்சோபர் குழாய் வடிவினதன்று; எண்ணெய் நிறைந்த பெட்டியிலிருந்து நீளும் நெம்புகோல். அதிர்வைத் தணிப்பதோடு மேற்கையாகவும் அதுவே பணிபுரிகின்றது. கீழே கவட்டை வடிவான கை ஒன்றுண்டு. அதனை விஷ்போன் என்பர். அதன்மேல் விற்கிண்ணமும் அதில் சுருள்வில்லும் அமர்ந்திருக்கும். கிங்பின்னின் அடியையும் விஷ்போனின் நுனியையும் இணைப்பது குறுக்காகச் செல்லும் மரையிட்ட முளை. ஆப்புப் போன்ற சிறு ஆணி இம்முளையைக் கிங்பின்னோடு இறுகப் பிணைத்து நிற்கும். ஆகவே சில்லு மேலுங் கீழும் ஏறி இறங்கும்போது முளையின் மரை விஷ்போனின் மரைக்குள் அசையும். தேய்வு முதன்மையாக நிகழுமிடம் இதுவே.

தேய்வு ஏன் இங்கே மிகுகின்றது? பௌதிகம் பயிலும் மாணவர் இவ்விடத்திற் சற்று நிற்றல் வேண்டும். எஞ்சினின் முதன்மைத் தண்டு நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான முறை சுழல்கின்றது. அச்சுழற்சியே எண்ணெயைத் தண்டுக்கும் போதிகைக்கும் இடையில் ஆப்புப்போல் இழுத்துச் செல்ல, தண்டு எண்ணெய்ப் படலத்தின்மேல் மிதக்கும். உலோகம் உலோகத்தைத் தொடுவது புறப்படும் கணத்திலும் நிற்கும் கணத்திலுமே. கிங்பின்னும் மரைமுளையும் ஒருபோதும் முழுச்சுற்றுச் சுற்றுவதில்லை. சில பாகையளவு இப்புறமும் அப்புறமும் அசைந்து திரும்பும். திரும்புமிடந்தோறும் வேகம் சுழியமாகும். படலம் உருவாவதற்கு வேண்டிய வேகம் அவற்றுக்கு என்றுமே கிட்டாது. வண்டியின் பாரமும் குழியில் விழும் அடியும் எப்பொழுதும் ஒரே பக்கத்தையே தாக்கும். ஆதலின் முளை வட்டமாகத் தேயாது ஒருபுறம் உண்ணப்பட்டு நீள்வட்டமாகும். இங்கே கிறீஸ் செய்யும் பணி இரண்டு: உலோகங்களுக்கு இடையில் தங்கி உராய்வைக் குறைத்தல் ஒன்று, நீரும் மணலும் நுழையாதபடி இடைவெளியை அடைத்தல் மற்றொன்று. இரண்டாவதையே நான் பெரிதாக மதிப்பேன். கிறீஸ் வற்றிய மரைக்குள் மணல் புகுந்தால் அது அரம்போல் வேலைசெய்யும்.

சிறு இடைவெளி பெரும் அசைவாவதும் கணக்குக்கு உட்பட்டதே. புஷ்கள் இரண்டுக்கும் இடைத்தூரம் 100 மி.மீ. என்றும், ஒவ்வொன்றிலும் 0.2 மி.மீ. தளர்வு என்றும் கொள்வோம். ஓரெல்லையிலிருந்து மற்றோரெல்லைக்கு மேற்புஷ்ஷில் 0.2, கீழ்ப்புஷ்ஷில் எதிர்த்திசையில் 0.2, ஆக 0.4 மி.மீ. சாய்வு 100 மி.மீ. நீளத்தில் ஏற்படும். சில்லின் நடுவிலிருந்து ரயரின் மேல்விளிம்புக்கு 250 மி.மீ. எனின் அவ்விளிம்பு 1 மி.மீ. அசையும். இதனோடு கீழ்முளையின் தளர்வும், ஷொக் அப்சோபர்த் தண்டின் தளர்வும் சேருமன்றோ? ஓட்டுபவர் கையில் ஸ்ரியறிங் நடுங்குவதும், ரயர் ஒருபுறம் தேய்வதும், பிறேக் பிடிக்கும்போது வண்டி ஒருபக்கம் இழுப்பதும் இவ்வாறே எழுகின்றன. எனினும் தளர்வு நாளடைவில் வருவதால் அதற்குக் கை பழகிவிடும். பல ஆண்டு ஒரே வண்டியை ஓட்டியவரைக் காட்டிலும் முதன்முறை ஏறியவர் குறையை எளிதில் உணர்வார்.

தளர்வுக்கு மறுபுறம் இறுக்கம். கிறீஸ் செல்லாத முளை துருப்பிடித்து விஷ்போனோடு ஒட்டிக்கொண்டால் ஆட்டிப் பார்ப்பவருக்கு யாதொரு தளர்வும் தோன்றாது. மிக நல்ல நிலையிலிருப்பதாகவே தெரியும். ஆனால் சில்லு ஏறி இறங்கியாக வேண்டும். அசைய மறுத்த மூட்டின் சுமை கிங்பின்னையே வளைக்கும். வளைந்து வளைந்து களைத்த உருக்கு ஒருநாள் முறியும். மொறிஸ் மைனரில் இதற்கு ஒப்பான கேடு மரை தேய்ந்து கழலுவதால் நேர்வது. முன்சில்லு மடிந்து வீதியோரத்திற் படுத்திருக்கும் மைனர் உலகெங்கும் அறியப்பட்ட காட்சி. பெரும்பாலும் அது மெதுவாகத் திரும்பும்போது நிகழ்வது உடையவரின் நற்பேறு.

சோதிக்கும் முறையிற் கவனம் வேண்டும். ஜக்கை வண்டியின் உடலுக்கு அடியில் வைத்துத் தூக்கினால் வில் விஷ்போனைக் கீழே தள்ளி மூட்டுக்களை இறுக்கி நிற்கும்; தளர்வு மறைந்துவிடும். விற்கிண்ணத்தின் அடியில் வைத்துத் தூக்குவதே முறை. பின்பு ரயரை மேலுங் கீழும் பற்றி ஆட்டுக. அசைவு தெரிந்தால் இன்னொருவரைப் பிறேக்கை அழுத்தச் சொல்லி மீண்டும் ஆட்டுக. அசைவு மறைந்தால் குறை சில்லின் போதிகையில். மறையாவிட்டால் கிங்பின்னிலோ அதனைத் தாங்கும் மூட்டுக்களிலோ. கிங்பின்னின் அடிக்கும் விஷ்போனுக்கும் இடையே நெம்பு கொடுத்து அசைத்தால் மரைமுளையின் நிலை தனியே விளங்கும். சில்லின் சாய்வை அளப்பதும் பயன் தரும். இவ்வண்டியில் அச்சாய்வையோ, 3 பாகையாகிய கிங்பின்னின் பின்சாய்வையோ திருகித் திருத்த வழியில்லை. ஆகவே அளவு பிறழ்ந்திருந்தால் ஏதோ தேய்ந்தது அல்லது வளைந்தது என்பது உறுதி.

இனிக் கழற்றும் வேலை. அழுத்தப்பட்ட வில் ஆளைக் கொல்ல வல்லது என்பதை முதலிற் சொல்லிவிட வேண்டும். வண்டியை உறுதியான தாங்குகால்களில் நிறுத்திய பின்பே கைவைக்கலாம். ஜக்கை மட்டும் நம்பலாகாது. விற்கிண்ணம் நான்கு போல்ற்றுக்களால் விஷ்போனோடு பிணைக்கப்பட்டுள்ளது. மூலைக்கு மூலையான இரண்டைக் கழற்றி, அவ்விடத்தில் முழுநீளமும் மரையிட்ட 100 மி.மீ. போல்ற்றுக்கள் இரண்டைச் செலுத்தி நட்டுக்களை இறுக்க வேண்டும். பின்னர் எஞ்சிய இரண்டையும் அகற்றி, நீண்டவற்றின் நட்டுக்களை மாறிமாறிச் சிறிது சிறிதாகத் தளர்த்தினால் வில் தன் முழுநீளத்துக்கு அமைதியாக விரியும். மலிவான முறை, ஆனால் இதைவிட நம்பத்தக்க முறை வேறில்லை.

பொறுமையைச் சோதிப்பது ஆப்பாணி. நட்டைக் கழற்றித் தட்டினால் சிலவேளை வெளிவரும். பலவேளை தலை நசுங்கி உள்ளேயே இருந்துவிடும். அப்போது துளைத்தெடுத்தலே வழி. மரைமுளையும் திரும்ப மறுத்தால் கிங்பின்னுக்கும் விஷ்போனுக்கும் இடையிலுள்ள சந்தில் வாளை விட்டு அறுத்துவிடலாம். முளை எப்படியும் எறியப்படுவதே. அதனைக் காப்பாற்றப்போய் விஷ்போனைச் சம்மட்டியால் வளைப்பது மதியன்று.

எல்லாம் கழற்றிய பின்பு பெரும்பாலோர் செய்வது புதிய முளையை வாங்கிப் பழைய விஷ்போனிற் பூட்டுவது. இது திருத்தமாகாது. மரை என்பது இருவர்க்கும் பொதுவான தேய்வு. ஆணின் மரை உண்ணப்பட்டபோது பெண்ணின் மரையும் உண்ணப்பட்டே இருக்கும். புதிய முளையைக் கையால் விஷ்போனுக்குள் திருகி அசைத்துப் பாருங்கள். ஆடினால் விஷ்போனையும் மாற்றியே ஆகவேண்டும். விஷ்போனின் விலை முளையினும் பன்மடங்கு என்பது உண்மை. தேய்ந்த மரையில் உலோகத்தை ஒட்டவைத்து மீண்டும் மரை வெட்டித் தருவோரும் உளர். தக்க கருவிகளோடு ஒரு மரையும் மற்றையதும் ஒரே நேர்கோட்டில் அமைய வெட்டுவோரிடம் கொடுக்கலாம். வீதியோரப் பற்றவைப்பில் அக்கையைச் சூடேற்றி வளையவிடுவதற்கு நான் உடன்படேன்.

வெண்கலப் புஷ்களை மாற்றுவது லேத்துப் பட்டறையின் வேலை. பழையதை அழுத்தி வெளியேற்றிப் புதியதை அழுத்திச் செலுத்தும்போது, புஷ்ஷிலுள்ள துளை கிறீஸ் நிப்பிளின் துளையோடு நேர்பட்டு நிற்பதைக் கண்ணாற் காணுதல் வேண்டும். சற்றே திரும்பி அமைந்தாலும் அதன்பின் எத்தனை முறை கிறீஸ் ஏற்றினும் ஒரு துளியும் உட்செல்லாது. புதிய கிங்பின் பழையதினும் விரைவில் அழியும். செலுத்திய புஷ் சற்றுச் சுருங்கிவிடுதலால் றீமரால் அளவுக்குக் கொணர வேண்டும். மேற்புஷ்ஷை வழிகாட்டியாகக் கொண்டு கீழ்ப்புஷ்ஷையும் ஒரே அச்சில் அறுக்கும் நீண்ட றீமரே தக்கது. தனித்தனியே அறுத்தால் ஒவ்வொன்றும் சரியாகவும் இரண்டும் சேர்ந்து பிழையாகவும் அமையும். முடிந்தபின் அச்சுக்கட்டை கையால் மெல்லிய தடையோடு திரும்ப வேண்டும். மேல்கீழ்த் தளர்வை வெவ்வேறு தடிப்பான வாஷர்களால் ஒழுங்குசெய்யலாம்.

றப்பர்ப் புஷ்கள் விலை குறைந்தவை. கையோடு எல்லாவற்றையும் மாற்றுக. அவற்றின் நட்டுக்களை வண்டி தூக்கியிருக்கும்போது முற்றாக இறுக்கலாகாது. சில்லுகளில் பாரம் இறங்கி வண்டி தன் இயல்பான உயரத்தில் நிற்கும்போதே இறுக்க வேண்டும். இல்லையேல் றப்பர் எப்பொழுதும் முறுக்குண்டு நின்று சில மாதத்திற் கிழியும். ஷொக் அப்சோபரின் தண்டு ஆடினாலோ எண்ணெய் ஒழுகினாலோ அதைத் திறந்து புதுப்பிக்க வல்லாரிடம் கொடுக்க. மேற்கையும் அதுவேயாதலின் அதன் ஆட்டத்தைப் புதிய கிங்பின் எதுவும் மறைக்காது.

பூட்டியபின் முன்சில்லுகளின் உள்நோக்கு 0 முதல் 3 மி.மீ. வரை இருக்குமாறு ஒழுங்குபடுத்துக. சில நூறு மைல் ஓடியபின் ஆப்பாணியின் நட்டு முதல் எல்லாவற்றையும் மறுபடி சோதிக்க. பிற்காலத்துக் கைநூல்கள் 3,000 மைலுக்கு ஒருமுறை கிறீஸ் ஏற்றுமாறு கூறும். நமது மழைகாலத்து வெள்ளத்தில் ஓடும் வண்டிக்கு அதற்குக் குறைந்த இடைவெளியே பொருந்தும். ஏற்றும்போது சில்லைத் தூக்கி மூட்டிலிருந்து பாரத்தை நீக்கினால் அழுந்தியிருந்த பக்கத்துக்கும் கிறீஸ் செல்லும். பழைய கரிய கிறீஸ் முழுதும் வெளியேறிப் புதியது ஓரங்களில் தலைகாட்டும்வரை ஏற்ற வேண்டும். நிப்பிளின் தலையைச் சுற்றி மட்டும் வழிந்தால் அது அடைபட்டதென்று அறிக. கழற்றிப் புதியது பூட்ட ஐந்து நிமிடம் போதும். வழிந்ததைத் துணியால் துடைத்துவிட்டுக் கிறீஸ் ஏற்றியாயிற்று என்று பற்றுச்சீட்டில் எழுதித் தரும் கராச்சுகளும் இருத்தலின், இவ்வொரு வேலைக்கேனும் உடையவர் பக்கத்தில் நின்று பார்ப்பது நன்று.